பூங்காவிலிருந்து இருபது நிமிஷத்தில் ஒரு சத்திரம்

1

ஃப்ளோரிடாவில் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஜனவரி மாதத்தில் அடித்தால், எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். மறுமுனையில் ஒரு தமிழ்க் குரல் இருக்கும். முதலில் சௌக்கியம் விசாரிக்கும். பிறகு குளிரைப் பற்றிப் புலம்பும். "இங்கே முழங்கால் வரைக்கும் பனி கிடக்கு. அங்கே எப்படி?" என்று கேட்கும். நானும் அசடு மாதிரி, இங்கே வெயில் அடிக்கிறது, தோட்டத்தில் ஆரஞ்சு பழுத்துத் தொங்குகிறது என்று உள்ளதைச் சொல்லித் தொலைப்பேன்.

"அப்படியா! குழந்தைகள் அந்தப் பூங்காவைப் பாக்கணும்னு ரொம்ப நாளாப் படுத்தறதுகள். உங்களை ஒரு யோசனை கேக்கலாம்னுதான் போன் பண்ணினேன். பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிற ஹோட்டல்ல தங்கறது நல்லதா, வெளியில மோட்டல்ல தங்கறது நல்லதா?"

ஊரில் இருக்கிற உங்களுக்குப் பூங்கா என்றால் நாலு பெஞ்சும் ஒரு நீரூற்றும் நினைவுக்கு வரும். இது அந்தப் பூங்கா இல்லை. மெட்ராஸில் வருஷா வருஷம் பொருட்காட்சி போடுகிறார்களே, அதைக் கலைக்காமல் நிரந்தரமாக வைத்து, அதில் ஒரு கோட்டை, ஒரு பேய் பங்களா, ஆகாயத்தில் பறக்கிற கப்பல் எல்லாம் சேர்த்து, ஒரு தாலுகா அளவுக்கு இழுத்துவிட்டால் எப்படியோ அப்படி. ஒரு நாளில் பார்த்து முடியாது. அதனால்தான் தங்குகிற கேள்வி வருகிறது.

நானும் பொறுப்பாகப் பதில் சொல்வேன். உள்ளே தங்கினால் காரைத் தொடவே வேண்டாம். ஹோட்டல் வாசலில் படகு வரும். ஏரியைத் தாண்டிப் பூங்கா வாசலில் கொண்டுபோய் விடும். குழந்தைகள் களைத்துப் போனால் மத்தியானம் வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு மறுபடி போகலாம். ஆனால் வாடகையைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும், நமக்கு உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர வேறு சாப்பாடும் கிடையாது. வெளியே மோட்டல் என்றால் சல்லிசு. சில இடங்களில் அறைக்குள்ளேயே சின்ன அடுப்பு உண்டு. ஒரு ரசம் சாதமாவது வைத்துக்கொள்ளலாம். ஆனால் காலையில் எழுந்து அடித்துப் பிடித்துக் கிளம்பி, கார் நிறுத்துகிற மைதானத்தில் எங்கே நிறுத்தினோம் என்று மறந்து, சாயங்காலம் குடும்பமே தேட வேண்டும்.

"ம்ம்... ம்ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் அந்தக் குரல் கேட்கும்: "உங்காத்துலேர்ந்து பூங்கா எவ்வளவு தூரம்?"

"இருபது நிமிஷம்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் இருபது நிமிஷத்தை எப்படி ஐயா மறைப்பது?

இந்தத் தை அமாவாசையோடு நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இவருக்கு ஆரஞ்சுச் சாறு பிழிகிற தொழிற்சாலையில் ரசாயன சோதனை வேலை. (இவர் என்றால் என் கணவர். பேர் சொல்லும் துணிச்சல் அமெரிக்கா வந்தும் வரவில்லை.) இந்த மூன்று வருஷத்தில் பனிக்காலத்து விடுமுறை எதிலும் எங்கள் வீட்டில் நாங்கள் மட்டும் படுத்தோம் என்பது இல்லை. உள்ளேயும் வேண்டாம், வெளியேயும் வேண்டாம் என்று தமிழர்கள் கண்டுபிடித்த மூன்றாவது வழி நாங்கள்தான்.

2

எனக்கு இது புதிதும் இல்லை. நான் திருவள்ளூர்க்காரி.

தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் வீரராகவப் பெருமாளே ஒரு விருந்தாளிதான். ஒரு முனிவர் பசியோடு வந்த கிழவருக்குச் சாப்பாடு போட்டாராம். சாப்பிட்ட கிழவர், படுக்க எந்த இடம் என்று கேட்டாராம். முனிவர் தம்முடைய அறையையே காட்டினாராம். கிழவர் போய்ப் படுத்தார். படுத்தவர் இன்றைக்கு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அந்த முனிவர் அப்புறம் எங்கே படுத்தார் என்று நான் ஒரு தடவை அம்மாவைக் கேட்டு, வாயில் ஒரு அடி வாங்கினேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. பெருமாளுக்கு அமுது சமைக்கிற வேலை. வீடு கோயிலை ஒட்டிய தெருவில். ஒவ்வொரு அமாவாசைக்கும் முதல் நாள் சாயங்காலம் ஊர் நிரம்ப ஆரம்பிக்கும். மெட்ராஸ் பக்கத்துக் கூட்டம் செவ்வாப்பேட்டை வழியாகக் கரிவண்டி ரயிலில் வந்து இறங்கும். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கூட்டம் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் வரும். ராத்திரி தங்கி, விடிகாலையில் குளத்தில் முழுகி, வெல்லம் கரைத்துவிட்டு, பெருமாளைச் சேவித்துவிட்டுப் போவார்கள். வெல்லம் கரைகிற மாதிரி உடம்பு நோவும் கரைந்து போகும் என்று நம்பிக்கை. வைத்தியப் பெருமாள் என்றே அவருக்குப் பேர்.

அங்கேயும் அதே கேள்விதான். கோயிலைச் சேர்ந்த குளத்து மண்டபத்தில் படுப்பதா, வெளியே வீடுகளில் இடம் பிடிப்பதா? மண்டபத்தில் காற்று உண்டு, பெருமாள் பக்கத்திலேயே இருக்கிறார், கூடவே கொசுவும் குழந்தை அழுகையும். வீடுகளில் கிணறு உண்டு, கதவு உண்டு, கேட்டால் வெந்நீர்கூட உண்டு. வசதி பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மா யாரையும் திருப்பி அனுப்பியது இல்லை. கூடத்தில் ஒரு குடும்பம், காமிரா உள் என்கிற சின்ன அறையில் ஒரு குடும்பம், மாடிப்படிக்குக் கீழே ஒரு கிழவர் என்று அடுக்கிவிடுவாள். அப்பா மடைப்பள்ளியிலேயே இருந்துவிடுவார். அம்மாவும் நானும் சமையலறையில் அம்மிக்கும் விறகுக்கும் நடுவில். அதுவும் பேருக்குத்தான் படுக்கை. "மாமி, கொஞ்சம் ஜலம்", "மாமி, குழந்தைக்குப் பால்" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அம்மா காலை நீட்டிப் படுத்ததை நான் பார்த்த ஞாபகமே இல்லை.

எனக்கு அந்தக் கூடத்தின் மேலோ கட்டிலின் மேலோ ஆசை இல்லை. எனக்கு மண்டபத்தில் படுக்க வேண்டும். சாயங்காலம் அந்தப் பக்கம் போய் நின்றால் காலை எடுக்க மனசு வராது. குளத்தின் நாலு கரையிலும் மினுக் மினுக்கென்று லாந்தர்கள். தண்ணீருக்குள்ளும் அதே லாந்தர்கள். புளிச்சோறும் ஈரத்துணியும் கற்பூரமும் கலந்து ஒரு வாசனை. எங்கெங்கேயோ இருந்து வந்த ஜனங்கள் ஏதோ சொந்த வீடு மாதிரி அங்கங்கே துணியை விரித்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, தூணைப் பார்த்துப் பேசிக்கொண்டு கிடப்பார்கள். அமாவாசைக்கு முதல் நாள் அங்கே படுத்தால் பெருமாள் கனவில் வருவார் என்று சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் கனவு. எனக்கு மறுநாள் காலையில் பெருக்குகிற வேலை.

3

இப்போது என் பெண் வைதேகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாதம் ஏழு வயது முடிகிறது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற வயது. நான் கோபித்துக்கொண்டால் தமிழில் சொல்வாள், அந்தத் தமிழைக் கேட்டால் இங்கிலீஷே தேவலை என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளை வீ என்று கூப்பிடுகிறார்கள். வீட்டிலும் அப்படியே கூப்பிட வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுக்க வைதேகி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கு ஒரு அறை உண்டு. ரோஜா வண்ணக் கட்டில் உண்டு. ஆனால் விருந்தாளிகள் வந்தால் முதலில் காலியாகிற இடம் அதுதான். துணி மாட்டுகிற அலமாரி இங்கே ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு இருக்கும். அதற்குள் ஒரு ரஜாயை விரித்து அவளுக்கு இடம் போட்டுவிடுவேன். முதல் வருஷம் அது அவளுக்கு விளையாட்டாக இருந்தது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு குகை, குகை என்று குதித்தாள். இரண்டாம் வருஷம் குதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், உன் வீட்டை வரைந்து கொண்டு வா என்றார்களாம். மற்ற குழந்தைகள் கூரையும் புகைபோக்கியும் வரைந்திருக்க, இவள் சதுரத்துக்குள் வரிசை வரிசையாகப் படுக்கைகள் வரைந்திருந்தாள். டீச்சர் என்னிடம் ரொம்ப நாசூக்காகக் கேட்டாள்: "நீங்கள் மோட்டல் நடத்துகிறீர்களா?" நான் சிரித்துச் சமாளித்தேன். காரில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் இவர் குழந்தைக்கு வாக்குக் கொடுத்தார். பிறந்த நாளுக்கு ஒரு ராத்திரி பூங்காவுக்கு உள்ளேயே ஹோட்டலில் தங்குவது. நாம் மூன்று பேர் மட்டும். அவளுக்கே அவளுக்கு ஒரு பெரிய கட்டில்.

போன வருஷப் பிறந்த நாளுக்குச் சிகாகோவிலிருந்து இவருடைய சிநேகிதரின் மச்சினர் குடும்பம் வந்து இறங்கியது. சரி, கோடை விடுமுறையில் என்று தள்ளிப் போட்டோம். கோடையில் மினசோட்டாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வந்த இடத்தில் அவர்கள் பையனுக்கு அம்மை போட்டது. போட்ட அம்மையை விரட்ட முடியுமா? இங்கே வேப்பிலைகூட இல்லை. பதினைந்து நாள் எங்கள் வீட்டிலேயே கிடந்தான், வைதேகியின் கட்டிலில். அவர்கள் போன பிறகு கட்டில் துணியையெல்லாம் துவைத்துப் போட்டு, "வாடி கண்ணு, உன் ரூம் ரெடி" என்றேன். அவள் அலமாரிக்குள் இருந்தபடியே "இட்ஸ் ஓகே" என்றாள்.

ஓகே என்று குழந்தை சொல்வது எவ்வளவு மோசமான வார்த்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். இந்தத் தடவையும் தவறினால் இவள் கேட்பதையே விட்டுவிடுவாள் என்று பயந்து போனேன்.

4

ரங்கம்மாவை நான் நினைத்துக்கொள்ளாத ஜனவரி கிடையாது.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம் அவளுக்கு. நடவு வேலை, களை வேலை. புருஷனுக்கு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. பிற்பாடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்தபோது மகன் ஒன்றில் சேர்ந்துவிட்டதாக அம்மா சொல்லக் கேள்வி. எனக்குப் பத்து வயதில் அவளுக்கு முப்பது இருக்கலாம். வருஷம் தவறாமல் தை அமாவாசைக்கு வருவாள். எங்கள் வீட்டில் தங்க மாட்டாள். தங்க வைத்திருக்கவும் மாட்டார்கள். கூடமும் உள்ளும் எங்கள் மாதிரி மனிதர்களுக்கு, வாசல் ரேழி மற்றவர்களுக்கு, அவளைப் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை என்பது எங்கள் தெருவின் ஏற்பாடு. அது ஒரு ஏற்பாடு என்றுகூட எனக்கு அன்றைக்குத் தெரியாது. மூட்டையை மட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கள் ரேழியில் வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போவாள். மூட்டையைப் பார்த்துக்கொண்டதற்கு ஒரு முறம் வேர்க்கடலை கொட்டிவிட்டுப் போவாள்.

ஒரு தடவை மழை வரும்போல இருந்தது. அம்மாவுக்கே மனசு கேட்காமல், "ரங்கம்மா, மானம் கறுத்திருக்கு. பேசாம ரேழியிலயே படுத்துக்கோயேன்" என்றாள். அம்மா அப்படிச் சொன்னதே பெரிய விஷயம்.

ரங்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாம்மா நீ! ஊட்ல படுக்கறதுக்கா நானு இம்மாந்தூரம் வந்துகீறேன்? ஊடுதான் எங்கூர்லயே கீதே. நானு அவரு காலாண்ட படுக்கணும்னு வந்தவ. நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போறேன்."

"கொசு பிடுங்குமே" என்றாள் அம்மா.

"கொசு பேஜாருதான். அதுவும் பெருமாள் வளக்கறதுதான, கடிச்சிட்டுப் போவுது."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படித்தான் தைரியம் வந்ததோ, "அம்மா, நானும் ரங்கம்மாவோட மண்டபத்துல படுத்துக்கறேனே, இன்னிக்கு ஒரே ஒரு நாள்" என்று வெளியே வந்துவிட்டேன்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நன்னாருக்குடி! ஆம் இருக்கச்சே உள்ளூர்ப் பொண்ணு போய் மண்டபத்துல படுத்துண்டா ஊர் சிரிக்காதா? போ, போய் அடுப்பைப் பாரு."

"அடுப்பாண்ட எங்கம்மா இந்தக் கொழந்த படுக்கும்? ஊரே வந்து உங்க தெருவுல படுக்குது, இந்தப் பொண்ணுக்கு மட்டும் எடமில்லையா? எங்கூட அனுப்பும்மா, நானு பாத்துக்கறேன். காலைல நாஷ்டாவுக்குள்ள கொணாந்து உட்டுர்றேன்" என்றாள் ரங்கம்மா.

யாரோ உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டார்கள். அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரங்கம்மா என் கன்னத்தைத் தொட வந்து, தொடாமல், கையை மட்டும் என் முகத்துக்கு முன்னால் சுற்றித் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மூட்டை எடுக்க வந்தபோது தலை ஈரமாக இருந்தது. மழையா குளமா தெரியவில்லை. நான் ரகசியமாகக் கேட்டேன்: "கனவுல வந்தாரா?"

"வந்தாரு கண்ணு."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் பேசல. சும்மா எம் பக்கத்துல குந்திக்கினு இருந்தாரு. ரொம்ப நேரம் குந்திக்கினு இருந்தாரு."

அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. எனக்கு ஒரே பொறாமை. அந்த வருஷத்துக்கு அப்புறம் நான் மண்டபத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆகி ஊரை விட்டே வந்துவிட்டேன்.

5

இந்த வருஷம் ஹோட்டலுக்கு நானே போன் செய்தேன். இவர் செய்தால் யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடுவார். இல்லை என்ற வார்த்தையை இவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காஞ்சிபுரத்தில் இவர் வீட்டிலும் கருட சேவைக்கு வருகிறவர்கள்தான் கட்டிலில்.

எதிர்முனையில் ஒரு சிறு பெண். பெயரைக் கேட்டாள், எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஸ்ரீநிவாசனில் பாதி வருவதற்குள் அவளுடைய படிவத்தில் கட்டங்கள் தீர்ந்துவிட்டன. எஞ்சியதை என்ன செய்வது என்று மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தாள். அப்புறம் இது உங்கள் குடும்பப் பெயரா, உங்கள் கணவரின் பெயரா என்று கேட்டாள். இரண்டும் இல்லை, என் மாமனாரின் பெயர் என்றேன். அதற்கும் மேலதிகாரியிடம் போனாள். முகவரியை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் இங்கேயிருந்து இருபது நிமிஷத்தில் இருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"நிச்சயமாக உங்களுக்கு அறை வேண்டுமா? சாயங்காலம் வீட்டுக்கே போய்விடலாமே. உள்ளூர்க்காரர்கள் பொதுவாக இங்கே தங்குவதில்லை."

அந்தப் பெண் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கோ உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "வீட்டில் படுப்பதற்காக நான் கேட்கவில்லை. வீடுதான் என்னிடம் இருக்கிறதே" என்றேன். இங்கிலீஷில் அது எந்த மட்டுக்கு மரியாதையாக ஒலித்ததோ தெரியாது. அறை கிடைத்தது. வைதேகியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஷ்யூரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விளையாடப் போனாள். துள்ளவில்லை.

போக வேண்டிய வாரம் புதன்கிழமை. போன் அடித்தது. டெட்ராய்ட்டிலிருந்து பார்த்தசாரதி மாமா. இவருடைய அத்தை பெண்ணைக் கட்டிக்கொண்டவர். நல்ல மனிதர், ஆனால் தொண்டை கொஞ்சம் பெரிது.

"என்னம்மா, சௌக்கியமா? நாங்க கிளம்பியாச்சு. வழியில ஒரு பெட்ரோல் பங்குலேர்ந்து பேசறேன். வெள்ளிக்கிழமை கார்த்தால அங்கே இருப்போம். நாங்க ரெண்டு பேர், குழந்தைகள் மூணு, எங்கம்மாவும் வரா. அம்மாவுக்கு மட்டும் கட்டில் வேணும், முட்டி வலி. நாங்கள்ளாம் எங்கே வேணா கிடப்போம்."

கிளம்பிவிட்டுச் சொல்கிறார். என் எதிரே இவர் காபியோடு நின்றார். காதில் விழுந்துவிட்டது. முகம் தொங்கிப் போயிற்று. "ஹோட்டலை அடுத்த மாசத்துக்கு மாத்திக்க முடியுமான்னு கேட்டுப் பாக்கட்டுமா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அப்போதுதான் கூடத்தில் வைதேகியைப் பார்த்தேன். போன் பேச்சு அவளுக்கும் கேட்டிருக்கிறது. தன் அறைக்குப் போய், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே போட்டுவிட்டு, மறுபடி பொம்மையிடம் போய் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நாங்க வெள்ளிக்கிழமை ஊர்ல இல்லை."

"அடடா! எங்கே போறேள்?"

"இங்கேதான். பூங்காவுக்குள்ளே ஹோட்டல்ல ஒரு ராத்திரி தங்கப் போறோம்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "என்னம்மா விளையாடறே! இருபது நிமிஷத்துல ஆத்தை வெச்சுண்டு யாராவது ஹோட்டலுக்குப் போவாளா?"

"நாங்க போறோம். குழந்தைக்குப் பிறந்த நாள்."

"சரி, போங்கோ. நன்னாப் போங்கோ. ஆம் காலியாத்தானே இருக்கும்? சாவியைப் பக்கத்தாத்துல குடுத்துட்டுப் போயிடு. நாங்க பாத்துக்கறோம். சனிக்கிழமை நீ வந்ததும் நாமெல்லாம் சேர்ந்து சமைச்சுச் சாப்பிடலாம்."

எவ்வளவு சுலபம் பாருங்கள்! நான் உள்ளே, அவர்கள் என் வீட்டில், எல்லாருக்கும் சந்தோஷம். இவர் வேகமாகத் தலையை ஆட்டினார், சரி என்று சொல்லு, சொல்லு என்று. நானும் வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டலிலிருந்து வந்து இறங்கியதும் குழந்தை எங்கே படுப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் கட்டிலில் மாமாவின் அம்மா.

"இல்லை மாமா. சாவி குடுக்கறதுக்கில்லை. ஹைவேயில ரெண்டு மோட்டல் சுத்தமா இருக்கும், பேர் சொல்றேன், எழுதிக்கோங்கோ. ஒண்ணுல அடுப்பும் உண்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவசியம் ஆத்துக்கு வாங்கோ, அவியலும் பாயசமும் பண்றேன். சாப்பிட்டுட்டுப் போலாம்."

மாமா, "அவன்கிட்ட குடு" என்றார். கொடுக்கவில்லை. "அவர் வேலைக்குக் கிளம்பிண்டிருக்கார்" என்றேன். காபியோடு நின்ற மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மறக்க மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு மாமா வைத்துவிட்டார். நல்லதையா கெட்டதையா என்று சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

இவர் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மட்டும், "அத்தைக்கு என்னடி பதில் சொல்றது?" என்றார். "உங்க பொண்ணுக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சு வெச்சிருக்கேளா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அலமாரிக்குள்ளிருந்த தலையணையை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டார்.

6

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டைப் பூட்டினோம். விருந்தாளிகள் யாரும் உள்ளே இல்லாமல் ஒரு ஜனவரி மாதத்தில் எங்கள் வீட்டைப் பூட்டியது அதுதான் முதல் தடவை. இருபது நிமிஷம் கூட ஆகவில்லை; பதினெட்டிலேயே போய்விட்டோம்.

அறை ஏரியைப் பார்த்திருந்தது. இரண்டு கட்டில்கள், ஒவ்வொன்றும் எங்கள் திருவள்ளூர்க் காமிரா உள் அளவுக்கு. ஒன்றைக் காட்டி, "இது உன்னோடது. உனக்கே உனக்கு" என்றேன். வைதேகி முதலில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு இவர் அவளைத் தூக்கி நடுவில் போட்டார். அதற்கப்புறம் அரைமணி நேரம் குதித்த குதியில் கீழ் அறைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலையில்லை. யாருக்கும் காபி கலக்க வேண்டியதில்லை. யாருக்கும் துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. துண்டு தானாக மடித்து வைத்திருந்தது. கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன.

சாயங்காலம் படகில் திரும்பினோம். மெல்லிசாக மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை முழுக்க விளக்குகள். தண்ணீருக்குள்ளும் அதே விளக்குகள். படகுக்காரன் எஞ்சினைத் தணித்துவிட்டான். போகிறதா நிற்கிறதா தெரியாமல் படகு மிதந்தது. எங்கெங்கேயோ இருந்து வந்த ஜனங்கள், தூங்கிப் போன குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் விளக்குகளைப் பார்த்தபடி இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன். வந்தவளாக. பத்து வயதில் கேட்டது முப்பதை நெருங்கும்போது, உலகத்தின் இந்தக் கோடியில் கிடைக்கிறது. இவர் என்னைப் பார்த்து, "குளிர்றதா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு எனக்குக் கனவு வந்தது. பெருமாள் வரவில்லை. அம்மா வந்தாள். திருவள்ளூரில் இன்றைக்கும் அமாவாசைக்கு அமாவாசை கூடத்தைப் பெருக்கி வைக்கிற அம்மா, அந்தக் குளத்து மண்டபத்தில், தூணோரம், காலை நீட்டிப் படுத்திருந்தாள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. மறுபடி கேட்டார்கள். அம்மா ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

விழித்தபோது ஜன்னல் திரையின் இடுக்கில் வெயில் வந்திருந்தது. அடுத்த கட்டிலைப் பார்த்தேன். காலியாக இருந்தது. விரிப்பு சுருக்கமே இல்லாமல் இழுத்துவிடப்பட்டு, தலையணைகள் இரண்டும் நேராக வைக்கப்பட்டிருந்தன. எழுந்து ஓடினேன்.

அலமாரிப் பக்கம், கதவோரத்தில், தரையில் அவள் படுத்திருந்தாள். தன் ஸ்வெட்டரைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தாள். முழங்காலை வயிற்றோடு மடக்கி, தன்னால் எவ்வளவு கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு கொஞ்சம் இடத்தில்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றியைத் தடவினேன். கண்ணைத் திறந்தாள்.

"ஏண்டி கண்ணு கீழே வந்துட்டே? கட்டில்லேர்ந்து விழுந்துட்டியா?"

"இல்லை."

"பின்னே?"

அவளுக்குத் தூக்கம் கலையவில்லை. தூக்கத்தில் வந்ததாலோ என்னவோ, ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லாமல், திருவள்ளூர்ப் பேச்சிலேயே சொன்னாள்.

"யாராவது வந்தா அவாளுக்கு வேணுமே அம்மா."

ஐயோ என்று இருந்தது. நான் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. ஒரு ராத்திரி வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னாலேயே நான் அவளை என் அம்மாவாக ஆக்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கு யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லலாம். இன்றைக்கு என்றால் நாளைக்கு என்று கேட்பாள். அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"வந்தா அவா கீழே படுத்துப்பா."

தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகச் சொல்கிறேனா, விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தாள்.

"டெட்ராய்ட் பாட்டி கூடவா?"

"அவாளுக்கு என் கட்டிலைக் குடுக்கறேன். உன்னோடது உன்னோடதுதான்."

தோளிலிருந்து வழுக்கி இறங்கினாள். தானாக நடந்து போய், தானே இழுத்துவிட்டிருந்த விரிப்பைக் கலைத்து, அந்தப் பெரிய கட்டிலின் நட்டநடுவில் ஏறி, கையையும் காலையும் நாலு பக்கமும் விரித்துக்கொண்டு படுத்தாள். நானும் ஓரமாகக் கொஞ்சம் சாயலாம் என்று போனேன்.

"உன் பெட் அங்கே இருக்கு" என்றாள்.